குசினிக்குள் போகும் வேலை: திரேசா அக்கா நினைவாக

செய்தியைச் சொன்னது பாக்கியம், முன்பு என்னிடம் வேலை பழகிய பெண். காலையில் பல் துலக்கிக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். கைபேசி அடித்தது. "ஐயா, அக்கா போயிட்டாங்க" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பாக்கியத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு அக்காதான் இருந்தார். விடியப்புறம் மன்னார் ஆஸ்பத்திரியில் உயிர் போனதாம். நெடுநாளாக இருந்த நீரிழிவு கடைசியில் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. பாக்கியம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்காவோட ஊருக்கு, அரிப்புக்குக் கொண்டு போறாங்களாம். நான் வெள்ளாங்குளத்துல பஸ் ஏறிட்டேன். நீங்களும் வந்துருங்க" என்றார்.

அன்று அடக்கப் பூசைக்கு வந்திருந்தவர்களில் பலருக்குத் திரேசா அக்கா அரிப்புக் கூட்டுறவுக் கடையின் முகாமையாளர். சிலருக்கு, கோயில் மாதர் சங்கத்தில் ஒரு கூட்டத்தைக்கூடச் சண்டையில்லாமல் முடிக்கவிடாதவர். பிரசங்கத்தில் அவரை நல்லவர், அமைதியானவர் என்றார்கள். நல்லவர் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அமைதியானவர் என்றபோது நானும் பாக்கியமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யுத்த காலத்தில், மன்னார்த் தீவில், அவரோடு நான் வேலை செய்தேன். அந்தத் திரேசா அக்காவை உங்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் தொழில்நுட்பப் பாடசாலையில் கட்டட வேலை படிப்பித்தவன். சண்டையில் பாடசாலை மூடிக் கிடந்தது. திரேசா அக்கா அரிப்பில் கடை மூடியதும் இடம்பெயர்ந்து தீவுக்கு வந்து, தங்கை வீட்டில் இருந்தார். கலியாணம் கட்டாதவர். இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த கூலித் தொழிலாளர்களுக்கு ஒரு தொழில் பழக்கவென்று நிவாரண நிறுவனமொன்று வந்தது. அவரைப் பொறுப்பாளராகவும் என்னைப் பயிற்றுநராகவும் எடுத்தார்கள். பயிற்சியின் பெயர், "வீட்டு எரிசக்திச் சிக்கனச் சீரமைப்புத் தொழிற்பயிற்சி." பதாகையில் ஒருமுறை வாசித்துவிட்டு அக்கா, "மாஸ்டர், இதைச் சொல்லி முடிக்கிறதுக்கே ஒரு கட்டு விறகு வேணும்" என்றார். பிறகு அதை அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. அடுப்புப் பள்ளிக்கூடம் என்பதே பெயராகிவிட்டது.

முதல் நாள் கோயில் மண்டபத்தில் பயிற்றுநர்களுக்குக் கதிரை போட்டு, பயிலுநர்களுக்குப் பாய் விரித்திருந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "எல்லாருக்கும் கதிரை போடுங்கோ. இல்லாட்டி எல்லாருக்கும் பாய் போடுங்கோ. ரெண்டையும் கலந்து போட்டியளெண்டால் இது பள்ளிக்கூடமில்லை, அதிகாரிமாரின்ர கந்தோர்." எல்லோருக்கும் போடுமளவுக்குக் கதிரை கோயிலில் இல்லை. ஆகவே பயிற்சி முடியும்வரை நானும் பாயில்தான் இருந்தேன். என் முழங்காலுக்கு அன்றே அவரோடு மனஸ்தாபம் வந்துவிட்டது. எனக்கு வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

நாங்கள் பழக்கிய வேலை பெரிய வித்தையல்ல. மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டில் கிடைத்த காலம். சமையலுக்கு விறகுதான். விறகு இருந்ததோ பற்றைக் காட்டில். காட்டில் மிதிவெடியும் இருந்தது, இரண்டு பக்கத்துத் துப்பாக்கியும் இருந்தது. ஆகவே பாதி விறகில் இரண்டு பானை கொதிக்கும் களிமண் அடுப்பும், அதற்கொரு புகைபோக்கியும் கட்டப் பழக்கினோம். முகாமிலும் புதிய குடியிருப்புகளிலும் தகரக் கூரை. மத்தியானத்தில் உள்ளே பிள்ளைகளைக் கிடத்த முடியாது. தகரத்துக்குமேல் தென்னங்கிடுகு பரப்பி, கீழே இடைவெளி விட்டுப் பனையோலைப் பாய் கட்டி, முகட்டுக்குக் கீழே சூடு வெளியேறத் துவாரம் விடப் பழக்கினோம். பயிற்சி முடிவில், ஊர் வீடொன்றில் இந்த வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். நிறுவனத்து அலுவலர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால், புதிய குடியிருப்பு வீடுகள் எல்லாவற்றுக்கும் எங்கள் பயிலுநர்களையே வேலைக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் வெளியூர்க் கொந்தராத்துக்காரருக்கு வேலை போகும்.

பயிலுநர்களில் அநேகர் வெள்ளாங்குளப் பக்கத்து ஆட்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கலவரத்தில் அடிபட்டு இறங்கி வந்து, காடு வெட்டிக் கமம் செய்து, அங்கிருந்தும் கிளம்பித் தீவில் முகாமுக்கு வந்தவர்கள். பாக்கியமும் அவருடைய மாமனார் காளிமுத்துவும் அவர்களில் இருந்தார்கள். பாக்கியத்தின் புருஷன் விறகுக்குப் போனவர், திரும்பவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. அந்தக் காட்டுக்கேதான் பாக்கியமும் விறகு பொறுக்கப் போய்வந்தார். பொறுக்கியதில் சமைக்கக் கொஞ்சம், விற்கக் கொஞ்சம். ஏன் பயிற்சிக்கு வந்தீர்கள் என்று முதல் நாள் எல்லோரிடமும் கேட்டோம். "விறகுக்குப் போகாம இருக்கத்தாங்க" என்றார் பாக்கியம். அதைவிடச் சுருக்கமாக அந்தப் பயிற்சியின் நோக்கத்தை நிறுவனத்தாராலும் எழுத முடியவில்லை.

தீவில் மணல்தான், அடுப்புக்கு ஏற்ற களி இல்லை. பாதை திறக்கும் நாள்களில் பெருநிலத்து அடம்பனிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவருவோம். முதல் முறை சாக்குகளில் கட்டி ஏற்றினோம். சோதனைச் சென்றியில் ஆமிக்காரன் ஒவ்வொரு சாக்காகக் கம்பியால் குத்தினான். அக்கா இறங்கிப்போய்த் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "லிபட மெட்டி, மஹத்தயா" என்றார். அடுப்புக்குக் களிமண் என்று அர்த்தம். அவன் நம்பவில்லை. எல்லாச் சாக்கையும் றோட்டில் கொட்டச் சொன்னான். வெயிலில் நின்று கொட்டி, திரும்ப அள்ளிக் கட்டினோம். நான் ஆமியைத் திட்டிக்கொண்டு வந்தேன். அக்கா யோசித்துக்கொண்டு வந்தார். "சாக்கில கட்டினால் ஒளிக்கிற மாதிரித்தானே தெரியும்" என்றார். அடுத்த முறை களியை அங்கேயே குழைத்து, தட்டித் தட்டி வட்டங்களாக்கி, திறந்த பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்தோம். சென்றிக்காரன் பார்த்தான், போகச் சொன்னான். வீட்டு முற்றத்தில் எரு தட்டிப் பழகிய ஊரில் இந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அடுத்தது காளிமுத்து அண்ணனின் கதை. இதைச் சொன்னால் அவர் கோபிக்கமாட்டார். உயிரோடிருந்தபோது அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்ததுதான். முகாமில் ஒரு கொட்டிலை மாதிரிக்கு எடுத்து, கூரை வேலையை அவர் தலைமையில் ஒரு குழுவிடம் விட்டிருந்தோம். நிறுவனத்தார் எங்களுக்குத் தந்த குறிப்புகள் ஏதோ குளிர் நாட்டுக்காக எழுதப்பட்டவை. அதில் முதலாவது பாடமே, வீட்டின் வெப்பத்தை வீணாக வெளியே போகவிடாதே என்பதுதான். அந்தப் பாடத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் காளிமுத்து அண்ணனின் காதில் அது ஏற்கனவே விழுந்திருந்தது. அவர் பிறந்து வளர்ந்தது மலைச்சரிவுத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பில். வீட்டைத் திருத்துவது என்றால் அங்கே முதல் வேலை, கூதல் வரும் ஓட்டைகளை அடைப்பது. ஆகவே முகட்டுக்குக் கீழே நாங்கள் விட்டிருந்த துவாரங்கள் எல்லாவற்றையும் களிமண்ணால் வடிவாக, விரல் அடையாளம்கூடத் தெரியாமல், பூசி அடைத்துவிட்டார்.

நான் பார்த்துவிட்டுக் கத்தத் தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "கத்தாதேங்கோ மாஸ்டர். எல்லாரும் உள்ளுக்க வாங்கோ" என்றார். சித்திரை மாதத்து மத்தியானம். எல்லோரையும் கொட்டிலுக்குள் கூட்டிப்போய், படலையைச் சாத்தி, "காளிமுத்தண்ணை, உங்கட தோட்டத்துக் கதை ஒண்டு சொல்லுங்கோ கேப்பம்" என்றார். அவர் பாவம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கதையைத் தொடங்கினார். கதையில் கங்காணி வருவதற்குள் எல்லோரும் வேர்வையில் தோய்ந்துவிட்டோம். என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. காளிமுத்து அண்ணன் கதையைப் பாதியில் விட்டு எழும்பினார். "அக்கா, போதுங்க. நான் போய்த் தொறந்து விடுறேன்" என்று அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் அக்கா ஒரு சட்டம் போட்டார். கூரை வேலை செய்தவர் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு மத்தியானம் இருக்க வேண்டும். அடுப்புக் கட்டியவர் அதில் முதல் தேத்தண்ணி வைக்க வேண்டும், அதை வீட்டுக்காரர் குடிக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வேலை முடிந்தது. "கட்டினதைப் பாவிச்சுப் பாக்காமல் போறவன் மேசன் இல்லை, கள்ளன்" என்றார். முதல் பாதி எனக்கு நன்றாகப் பிடித்தது. வீட்டுக்காரர் குடிக்க வேண்டும் என்ற பாதி எங்கே போய் இடிக்கப்போகிறது என்று எனக்கு உடனே தெரிந்தது. நான் தீவுக்காரன். யாருடைய குசினிக்குள், சமையலறைக்குள், யார் போகலாம், யார் கையால் யார் வாங்கிக் குடிப்பார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவருக்கும் தெரியாமலில்லை. "தெரிஞ்சபடியால்தான் சட்டம்" என்றார்.

செய்து காட்டுவதற்கு ஊர் வீடு பிடித்தது நான். சொந்தத் தோணியும் வலையும் உள்ள சம்மாட்டியார் ஒருவர் எனக்குத் தாய்வழி உறவு. அவருடைய மனைவிக்குக் குசினிப் புகையில் கண் எரிச்சல் மாறாமலே இருந்தது. அடுப்பைப் பற்றி நான் சொன்னதும் அந்த அம்மா சம்மதித்துவிட்டார். குறித்த நாளில் போனோம். நான் உள்ளே போய் அவருடைய பழைய அடுப்பை உடைத்துக் கரியை அள்ளி வெளியே போட்டேன். பாக்கியம் களி வட்டங்களைத் தலையில் வைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். சம்மாட்டி அம்மா கதவு நிலையில் கையை வைத்து மறித்தார். "நீ உதுகளை வெளியில வைச்சிட்டு அங்காலை நில்லு. தம்பி உள்ளுக்க கட்டட்டும்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "திரேசா, குறை நினைக்காதையும். தோட்டக்காட்டு ஆக்களைக் குசினிக்குள்ள விட்டு எங்களுக்குப் பழக்கமில்லை" என்றார். பாக்கியத்துக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொல்லவில்லை. கேட்கக்கூடாதென்று மெதுவாகவும் சொல்லவில்லை.

பாக்கியம் களியை இறக்கி வைத்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. திரேசா அக்கா முற்றத்துக் கதிரையில் இருந்து, "அப்ப வேலை இல்லை. சாமானைக் கட்டுங்கோ மாஸ்டர்" என்றார். நான் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அலுவலர் வர நாள் குறித்தாயிற்று, இந்த வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை, அடுப்பை நானே பொழுதுபடுவதற்குள் கட்டிவிடுவேன், எல்லோருக்கும் வேலை கிடைக்கும், பிறகு உங்கள் சட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் மசியப்போவதில்லை என்று அர்த்தம்.

"நீங்கள் கட்டினால் உங்களுக்கு வேலை, மாஸ்டர்" என்றார். "உங்களுக்கு வேலை எடுத்துத் தாறது என்ர வேலையில்லை. நாளைக்கு இந்தப் பிள்ளை எத்தினை வீட்டுக்குப் போகோணும்? அடுப்பு குசினிக்குள்ளதானே கிடக்கு? குசினிக்குள்ள போகேலாத ஆளுக்கு அடுப்புக் கட்டப் பழக்கி என்னத்துக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. சாமானைக் கட்டினேன்.

பழைய அடுப்போ உடைந்துவிட்டது. அடுத்த நாள் தொடக்கம் சம்மாட்டி அம்மா முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார். சோளகக் காற்று வீசும் காலம். தீவின் மணல் முழுவதும் அவருடைய பானைக்குள் வந்து இறங்கியது. கடலுக்குப் போய்வந்த ஆட்கள் சோற்றைக் கடித்துவிட்டுத் துப்பினார்கள். எனக்கு ஆள்மேல் ஆள் வந்தது. தம்பி, நீ தனிய வந்து கட்டிவிட்டுப் போ என்று சம்மாட்டியாரே நேரில் வந்து கேட்டார். உறவு முறையில் மறுக்க முடியாத கேள்வி. நான் மறுத்தேன். திரேசா அக்கா சொன்னது சரியென்று பட்டு மறுக்கவில்லை. அவரிடம் மறுபடி ஒரு பேச்சு வாங்க எனக்குத் தெம்பிருக்கவில்லை. அந்த நாள்களில் பாக்கியம் மறுபடியும் விறகுக்குப் போய்வந்தார். அதை அக்காவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். சட்டம் போட்டது அவர், காட்டுக்குப் போனது பாக்கியம் என்பது அவருக்கும் உறைத்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மணற்சோறு கடைசியில் வென்றது. "வந்து கட்டட்டும்" என்று சம்மாட்டி அம்மா சொல்லியனுப்பினார். பாக்கியம் குசினிக்குள் போனார். நான் வாசலில் நின்றேன், ஒரு கரண்டி களிகூட எடுத்துக் கொடுக்கவில்லை. சோளகம் புகையைத் திருப்பி உள்ளே தள்ளாதபடி புகைபோக்கியின் வாயை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பூசி முடித்து, ஈரம் காயட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம். முதல் தேத்தண்ணி வைக்கப் போனபோது, திட்டத்தை மாற்றி அதே நாளில் அலுவலரும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். குசினிக்குள் எல்லோரும் நெருங்கி நின்றோம். பாக்கியம் சுள்ளி வைத்து மூட்டினார். புகை ஒழுங்காக மேலே ஏறியது. ஒரு பிடி விறகில் தண்ணி கொதித்தது. அலுவலருக்கு முகம் மலர்ந்தது. "வெரி குட், வெரி குட்" என்று புகைபோக்கியைத் தடவிப் பார்த்தார். பாக்கியம் அந்த வீட்டுக் கோப்பையில் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி வார்த்து, இரண்டு கையாலும் பிடித்து, சம்மாட்டி அம்மாவிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. "அங்க வையும்" என்று அடுப்பு மேடையைக் காட்டினார்.

அலுவலர் கவனிக்கவில்லை. பேனாவை எடுத்து, "அப்ப வேலை முடிஞ்சுது தானே?" என்றார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோருக்கும் வேலை. திரேசா அக்கா, "இல்லை, முடியேல்லை" என்றார்.

அலுவலர் விழித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் அக்காமேல் எனக்கிருந்த ஆத்திரத்தை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. மற்றவள் வயிற்றில் ஏறி நின்று நியாயம் பேசுகிறாரே என்று நினைத்தேன். அப்போது பாக்கியத்தின் குரல் கேட்டது. "முடிஞ்சிருச்சுங்க அக்கா" என்றார். "அம்மா குடிக்காட்டிப் பரவால்லீங்க. பொகை உள்ள வரல. தண்ணி கொதிச்சிருச்சு. நான் கட்டுன அடுப்பு, நான் வச்ச தேத்தண்ணி. நானே குடிக்கிறேன்."

மேடையில் இருந்த கோப்பையை எடுத்தார். சம்மாட்டி வீட்டுக் கோப்பை, நீலப் பூப் போட்டது. அந்தக் குசினியின் நடுவில், அடுப்புக்கு முன்னால் நேராக நின்று, அவசரப்படாமல் ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கப் போனார். சம்மாட்டி அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று, "வெறும் சாயத்தையோ குடிக்கிறாய்?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சாயத்தண்ணி கொடுத்தால் கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுப்பார்கள். கடித்துக் கடித்துக் குடிப்பது வழக்கம். பனங்கட்டி இல்லாமல் கொடுத்தால் விருந்தாளியை மதிக்கவில்லை என்று பொருள். சம்மாட்டி அம்மா அலுமாரியைத் திறந்து பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானை எடுத்து, ஒரு துண்டு உடைத்துப் பாக்கியத்தின் உள்ளங்கையில் வைத்தார். "இன்னொருக்கா ஊத்து. எனக்கும் கொஞ்சம் ஊத்து" என்றார். அவருடைய முகம் கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கினார், குடித்தார்.

திரேசா அக்கா அங்கே கிடந்த தேங்காய் துருவும் திருவலையில் அப்படியே குந்திவிட்டார். அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தடவைதான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலுவலரைப் பார்த்து, "இப்ப முடிஞ்சுது. எழுதுங்கோ" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "மாஸ்டர், சட்டத்தை மாத்தோணும். வீட்டுக்காரர் குடிக்கிறது அவையின்ர விருப்பம். கட்டினவர் உள்ளுக்க நிண்டு குடிக்கோணும். அதுதான் சரி" என்றார். தான் போட்ட சட்டத்தைப் பாக்கியம் திருத்திவிட்டார் என்று வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் சொன்னார். ஆனால் அன்று நடந்தது சரிதானா என்று அவரும் நானும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பாக்கியம் வாய் திறக்காமல் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்பேன். "அவள் திறப்பாளெண்டு தெரியும்" என்பார். தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

வேலை எங்கள் ஆட்களுக்கே கிடைத்தது. குடியிருப்பு வீடுகளில் தொடங்கி, பிறகு ஊர் வீடுகளிலும் கூப்பிட்டார்கள். எல்லா வீட்டிலும் பனங்கட்டி கிடைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். சில வீடுகளில் எங்கள் ஆட்களைப் பின்வாசலோடு நிறுத்தினார்கள். அந்த வீடுகளில் அடுப்பும் கட்டப்படவில்லை. பாக்கியம் விறகுக்குக் காட்டுக்குப் போவதை நிறுத்தினார். பின்னர் அவர்கள் வெள்ளாங்குளம் திரும்பினார்கள், கடைசிச் சண்டையில் மறுபடி எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் காளிமுத்து அண்ணன் இறந்துபோனார். வவுனியா முகாமில் தகரக் கொட்டிலுக்குக் கீழே சாக்குத் துணி கட்டி, சூடு போகத் துவாரம் விட்டுக் கொடுத்து, வரிசை முழுக்கப் பாக்கியம் வேலை செய்தாராம். அக்காவுக்கு அதைச் சொன்னபோது, "துவாரம் விட்டாளோ? காளிமுத்தண்ணை இருந்திருந்தால் அடைச்சிருப்பார்" என்று சிரித்தார்.

அரிப்பில் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அடக்கம் முடியும்வரை அயல்வீடுகளிலிருந்துதான் தேத்தண்ணி வந்தது. சேமக்காலை மயானத்திலிருந்து திரும்பியபின் யாராவது முதலில் நெருப்பு வைக்க வேண்டும். அக்காவின் தங்கை விறாந்தையில் சாய்ந்து கிடந்தார். உறவுப் பெண்கள் நீ மூட்டு, நான் மூட்டு என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் கால் கழுவிவிட்டு வந்தார். ஒருவரிடமும் கேட்கவில்லை. நேரே குசினிக்குள் போனார். அந்த அடுப்பும் அவர் கட்டியதுதான். சுள்ளி முறிக்கும் சத்தம் கேட்டது. ஒருவரும் அவரை வாசலில் மறிக்கவில்லை. யார் நீ என்று கேட்கவுமில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஒரு கோப்பை வந்தது, கையில் ஒரு துண்டு பனங்கட்டியும்.

திரேசா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். வயதாகிவிட்டது, இப்போது நான் கரண்டி பிடிப்பதில்லை, மேற்பார்வைதான். ஆனாலும் எந்த வீட்டில் வேலை முடிந்தாலும், கட்டினவர் உள்ளே நின்று தேத்தண்ணி குடிக்கும்வரை நான் சாமானைக் கட்டவிடுவதில்லை. வீட்டுக்காரர் சிலர் முறைப்பார்கள். கூட வேலை செய்பவர்களே, "விடுங்கோ மாஸ்டர், போவம்" என்பார்கள். அப்போதெல்லாம் என் வாயில் அக்காவின் குரல்தான் வருகிறது: இல்லை, முடியேல்லை.